டாங்கியை விற்ற காசு

1945 ஏப்ரல் கடைசி வாரம். வடக்கு இத்தாலியில் ரெஜ்ஜியோ எமிலியா என்ற நகரத்துக்குப் பக்கத்தில் வில்லா செல்லா என்று ஒரு சின்ன கிராமம். ஜெர்மானியப் படை பின்வாங்கி ஓடியபோது ஒரு டாங்கி, சில லாரிகள், கொஞ்சம் குதிரைகள் ஆகியவற்றை அப்படியே விட்டுவிட்டுப் போயிருந்தது. கையில் காலணா இல்லாத ஊருக்கு அது புதையல். விற்றால் காசு வரும். அதை வைத்து என்ன செய்வது?

ஊர் கூடிப் பேசியது. ஆண்கள் தியேட்டர் கட்டலாம் என்றார்கள், பெண்கள் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள், கடைசியில் பெண்கள் பக்கம் ஜெயித்தது என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. ஒரு விவசாயி நிலம் கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளில் இருந்து செங்கல்லும் உத்தரக்கட்டையும் பொறுக்கினார்கள். மணல் ஆற்றில் இருந்து வந்தது. ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஊர்க்காரர்களே கட்டினார்கள். 1947இல் பள்ளி திறந்தது. பெயர், 'ஏப்ரல் 25'. இத்தாலியின் விடுதலை நாள்.

இப்படி ஒரு விஷயம் நடக்கிறதாமே என்று கேள்விப்பட்டு, நகரத்தில் இருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு ஒரு இளைஞர் பார்க்க வந்தார். லோரிஸ் மலகுட்ஸி, வயது 25, தொடக்கப்பள்ளி ஆசிரியர். வந்து பார்த்தவர் அதற்குப் பிறகு அந்த வேலையை விட்டு நகரவே இல்லை. 1994இல் சாகும்வரை மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள்தான் அவருடைய வாழ்க்கை. அந்தக் குழந்தைகளின் பள்ளிக்குள் ஓவியரையும் களிமண்ணையும் பொம்மலாட்டக்காரரையும் அவரும் அவர் கூட்டாளிகளும் எப்படிக் கொண்டுவந்தார்கள், அதற்காக யாரோடெல்லாம் சண்டை போட்டார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன்.

அதற்கு முன்னால் நூறு வருஷம் பின்னே போக வேண்டும். நம் ஊர் எல்.கே.ஜி., யு.கே.ஜி.யில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'கே.ஜி.' ஃப்ரெட்ரிக் ஃப்ரோபெல் என்ற ஜெர்மானியர் 1840இல் வைத்த பெயர். கிண்டர்கார்டன், குழந்தைகளின் தோட்டம். ஃப்ரோபெல் ஒரு காலத்தில் பெர்லினில் படிகங்களை வகைப்படுத்தும் வேலையில் இருந்தவர். அந்தக் கண்ணோடுதான் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருட்களையும் யோசித்தார். முதலில் ஆறு நிறத்தில் கம்பளிப் பந்துகள். அப்புறம் மரத்தில் ஒரு உருண்டை, ஒரு கனசதுரம், ஒரு உருளை. அப்புறம் எட்டாகப் பிரியும் கனசதுரம். பிறகு காகித மடிப்பு, காகிதப் பின்னல், கட்டம் போட்ட தாளில் கோடு, களிமண். கூடவே தாயும் குழந்தையும் சேர்ந்து விரலால் அபிநயம் பிடித்துப் பாடும் பாட்டுகள். பள்ளிக்கூடம் என்றால் மனப்பாடமும் பிரம்பும் என்றிருந்த காலத்தில், ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளை கையால் செய்துதான் யோசிக்கும் என்று அவர் சொன்னார்.

1851 ஆகஸ்டில் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடை செய்தது. நாத்திகமும் சோஷலிசமும் பரப்புகின்றன என்று குற்றச்சாட்டு. அண்ணன் மகன் கார்ல் ஃப்ரோபெல் எழுதிய பிரசுரத்தை இவருடையது என்று குழப்பிக்கொண்டதும் ஒரு காரணம். அடுத்த வருஷமே ஃப்ரோபெல் இறந்துபோனார். தடை 1860இல்தான் நீங்கியது. காகிதம் மடிக்கிற நாலு வயசுப் பிள்ளைகளைப் பார்த்து ஒரு ராஜாங்கம் பயந்தது என்றால் சிரிப்பாக இருக்கிறது. இந்தப் பயம் பின்னாலும் வரும்.

ஃப்ரோபெலுக்கு வெளியே இருந்து வந்த ஆபத்தைவிட உள்ளே இருந்து வந்த ஆபத்து பெரிது. அவர் போன பிறகு அவருடைய பொருட்கள் ஒரு சடங்காக மாறின. ஆசிரியை சொல்ல எல்லாக் குழந்தையும் ஒரே நேரத்தில் பெட்டியைத் திறக்கும், ஒரே மாதிரி மடிக்கும், ஒரே மாதிரி மூடும். இத்தாலிக்கு அது வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய இந்த நிலையில்தான் இருந்தது. 1890களில் பிரெஷ்யாவுக்குப் பக்கத்தில் மோம்பியானோவில் ரோசா, கரோலினா அகாட்சி என்ற சகோதரிகள் இதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று செய்தார்கள். குழந்தைகளின் சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். பித்தான், விதை, கயிற்றுத் துண்டு, காலி டப்பா. அவற்றையெல்லாம் வகுப்பிலேயே ஒரு அருங்காட்சியகமாக வைத்துவிட்டார்கள். ரோசா அகாட்சி பாட்டும் கற்றுக்கொடுத்தார். எனக்குத் தனிப்பட்ட முறையில் ஃப்ரோபெலின் வழுவழுப்பான மரக்கட்டைகளைவிட இந்தக் குப்பை அருங்காட்சியகம் பிடிக்கும். செலவில்லாதது, குழந்தையே கொண்டுவந்தது.

அடுத்து மரியா மாண்டிசோரி. 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ குடியிருப்பில் முதல் 'குழந்தைகள் இல்லம்'. அவரைப் பற்றி நமக்கு அறிமுகம் தேவையில்லை. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர், போர் மூண்டதால் பல வருஷம் இந்தியாவிலேயே தங்க வேண்டியதாயிற்று. அவர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அதே அடையாறில்தான் ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திராவும் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆனால் கலை விஷயத்தில் மாண்டிசோரி கறாரானவர். மனம்போனபடி வரையவிடுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. உலோகச் சட்டங்களுக்குள் பென்சிலை ஓட்டிக் கையைப் பழக்கு, நிறங்களைப் பிரித்தறியக் கண்ணைப் பழக்கு, ஓவியம் தன்னால் வரும் என்பது அவர் வழி. முசோலினியோடு கொஞ்ச காலம் ஒத்துப்போய், பிறகு 1934இல் முறித்துக்கொண்டு இத்தாலியை விட்டே வெளியேறினார்.

ஃபாசிஸ்டுகள் குழந்தைகளுக்குக் கலை சொல்லித்தரவில்லை என்று நினைத்துவிடக் கூடாது. நிறையவே சொல்லித்தந்தார்கள். ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு 'ஓநாயின் பிள்ளைகள்' என்று ஒரு படை. கறுப்புச் சட்டை, அணிவகுப்பு, கூட்டுப் பாட்டு. மைதானத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் ஒரே நேரத்தில் கையைத் தூக்குவதும் ஒரு நிகழ்த்துகலைதான். பார்க்கப் பிரமாதமாகவும் இருந்திருக்கும். பெற்றோர் கண் கலங்கியிருப்பார்கள்.

ரெஜ்ஜியோவின் கதையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய இடம் இதுதான். 1962 முதல் 1976 வரை அந்நகர மேயராக இருந்தவர் ரென்சோ பொனாட்சி. குழந்தைப் பள்ளிகளுக்கு இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்று பின்னாளில் கேட்டவர்களிடம் அவர் சொன்ன பதிலின் சாரம் இது: சொன்னதைக் கேட்டு நடக்கிற மனிதர்கள் எவ்வளவு ஆபத்தானவர்கள் என்று ஃபாசிசம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டது, தானாக யோசிக்கிற பிள்ளைகளை வளர்க்க விரும்பினோம். எனவே அங்கே கேள்வி 'கலை வேண்டுமா வேண்டாமா' என்பதே இல்லை. எந்த மாதிரிக் கலை என்பதுதான்.

போர் முடிந்த பிறகு ரெஜ்ஜியோவைச் சுற்றிப் பெற்றோரே நடத்தும் பள்ளிகள் பல முளைத்தன. இத்தாலியப் பெண்கள் சங்கம் முதுகெலும்பாக இருந்தது. இத்தாலியில் அப்போது சின்னக் குழந்தைகளின் பள்ளி என்றால் பெரும்பாலும் திருச்சபை நடத்துவது. அரசாங்கம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அதற்கான தேசியச் சட்டமே 1968இல்தான் வந்தது. ரெஜ்ஜியோ நகராட்சி அதற்கு ஐந்து வருஷம் முந்திக்கொண்டு 1963இல் தன் முதல் பள்ளியைத் திறந்தது. இரண்டே வகுப்பறை, அறுபது குழந்தைகள். ராபின்சன் குரூசோவின் நினைவாக 'ராபின்சன்' என்று பெயர். நகராட்சி கம்யூனிஸ்டுகள் கையில். மத்திய அரசு கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியிடம். ஊரில் பாதிப் பேருக்குச் சந்தேகம், சமையல் அறையில் வளரவேண்டிய பிள்ளையை நகராட்சி என்ன செய்யப் போகிறது என்று.

மலகுட்ஸி இதற்குச் செய்த காரியம் ரொம்பப் பிடித்தது. வாரத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தையே ஊருக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். உருவகமாகச் சொல்லவில்லை. குழந்தைகள், ஆசிரியைகள், தூரிகை, தாள், களிமண் எல்லாவற்றையும் ஒரு லாரியில் ஏற்றி, சதுக்கத்திலோ பூங்காவிலோ நகராட்சித் தியேட்டரின் தூண் வரிசைக்குக் கீழேயோ இறக்கி, அங்கேயே பள்ளி நடத்துவது. காய்கறி வாங்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள், கேள்வி கேட்டார்கள். நம்ம தெருக்கூத்துக்காரர்கள் இதைக் கேட்டால் 'இதிலென்ன அதிசயம்' என்பார்கள். தியேட்டருக்குள் வராத ஜனங்களிடம் ஆட்டத்தைக் கொண்டுபோவது கூத்தின் அடிப்படை.

1967இல் பெற்றோர் நடத்திய பள்ளிகளும் நகராட்சிக்கு வந்தன. வில்லா செல்லாவும் சேர்ந்துதான். 1970இல் பூங்காவுக்குள்ளே, தியேட்டர்களுக்குப் பக்கத்தில் 'டயானா' பள்ளி. அங்கே வெயா வெக்கி என்ற பெண் வேலைக்குச் சேர்ந்தார். கலை படித்தவர். குழந்தைக் கல்வியில் பட்டம் எதுவும் இல்லை. பதவிப் பெயர் 'அதெலியரிஸ்தா'. அதெலியர் என்றால் ஓவியர் வேலை செய்யும் பட்டறை. பட்டறைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். முப்பது வருஷம், 2000 வரை, அந்த ஒரே பள்ளியில் இருந்தார்.

இந்தப் பதவியை வாரத்துக்கு இரண்டு பீரியட் வரும் டிராயிங் மாஸ்டரோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டிராயிங் மாஸ்டர் வருகிறார், போர்டில் ஒரு மாம்பழம் போடுகிறார், போகிறார். அதெலியரிஸ்தா காலையில் இருந்து மாலை வரை அங்கேயே இருக்கிறார். கணக்கோ மழையோ நிழலோ, குழந்தைகள் எதைப் பற்றி யோசித்தாலும் அதைக் கோடாக, களிமண்ணாக, கம்பியாக, ஒலியாக, அசைவாக மாற்றிப் பார்க்க வழி செய்து தருகிறார். 1972இல் நகர மன்றம் இந்தப் பள்ளிகளுக்கான விதிமுறையை நிறைவேற்றியது. அதெலியரிஸ்தா பதவி அதில் சட்டமாகவே ஏறியது. வகுப்புக்கு இரண்டு ஆசிரியர், தலைமை ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. சமையல்காரரும் பள்ளி ஊழியர் குழுவில் ஒருவர். ஒரு நகராட்சி, நாலு வயசுப் பிள்ளைகள் களிமண் பிசைவதற்காக ஒரு முழுநேரச் சம்பளத்தை பட்ஜெட்டில் போடுகிறது. கலையின் மீதான மரியாதையைப் பேச்சில் காட்டுவது சுலபம், சம்பளப் பட்டியலில் காட்டுவதுதான் கஷ்டம்.

உள்ளே என்னதான் நடந்தது? ஒரு உதாரணத்தை விரிவாகச் சொல்கிறேன். டயானா பள்ளியில் நடந்த 'கூட்டம்' என்ற வேலை.

கோடை விடுமுறைக்கு முன்னால் ஆசிரியைகள் குழந்தைகள் கையில் பெட்டி கொடுத்து, போகிற இடத்தில் இருந்து ஞாபகங்களைப் பொறுக்கி வரச் சொல்கிறார்கள். சிப்பி, கூழாங்கல், கடல் பற்றிப் பேச்சு வரும் என்று எதிர்பார்ப்பு. திரும்பி வந்த ஒரு பையன் சொன்னது வேறு. சாயங்காலம் கடைத்தெருவில் நடந்தோம், எங்கே பார்த்தாலும் ஜனம், எனக்குத் தெரிந்ததெல்லாம் காலும் கையும் தலையும்தான் என்கிறான். நாலு வயதுக்காரனின் உயரத்தில் இருந்து பார்த்தால் கூட்டம் அப்படித்தான் இருக்கும். ரங்கநாதன் தெருவில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தவர்களுக்குப் புரியும். 'கூட்டம்' என்ற சொல்லை அவன் சொன்னதும் மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். ஆசிரியை சிப்பியைக் கீழே வைத்துவிட்டு இதைப் பின்தொடர முடிவு செய்தார்.

முதலில் பேச்சு. பிரமாதமாகப் பேசினார்கள். எல்லோரும் எல்லாப் பக்கமும் போகிறார்கள், முட்டிக்கொள்கிறார்கள், நகரவே முடியவில்லை. அடுத்து வரையச் சொன்னார்கள். வந்ததோ தனித்தனியாக, கையை விரித்து, எல்லோரும் நம்மையே பார்த்துச் சிரிக்கிற நேர்முக மனிதர்கள். க்ரூப் போட்டோ மாதிரி. சொல்லில் இருந்த கூட்டம் கோட்டில் இல்லை.

இந்த இடத்தில் வழக்கமான ஆசிரியருக்கு இரண்டு வழி. 'ஆகா, அழகா இருக்கு' என்று சுவரில் ஒட்டலாம். அல்லது பக்கவாட்டு முகம் எப்படி வரைவது என்று போர்டில் போட்டுக் காட்டலாம். டயானாவில் இரண்டையும் செய்யவில்லை. ஒரு சில நாள் விட்டு, குழந்தைகள் முன்பு பேசியதை அவர்களுக்கே திரும்பப் படித்துக் காட்டிவிட்டு, அவர்கள் வரைந்ததையும் பக்கத்தில் வைத்தார்கள். குழந்தைகளே கண்டுபிடித்தார்கள், இவங்க எல்லாம் ஒரே பக்கம் பார்க்கிறாங்களே என்று. பிறகு ஊருக்குள் போய்க் கூட்டத்தை வேடிக்கை பார்த்தார்கள். கூட்டத்துக்குள் தாங்களே கலந்தார்கள். எடுத்த படங்களைச் சுவரில் பெரிதாக விழவைத்து, அந்த வெளிச்சத்துக்குள் நடந்து, படத்தில் இருக்கும் ஜனங்களோடு ஜனமாக நின்றார்கள். வகுப்பில் ஒரு குழந்தை நடுவில் நிற்க, நாலு பக்கமும் உட்கார்ந்து மற்றவர்கள் வரைந்தார்கள். முதுகை வரைய வேண்டியவனுக்கு முகம் கிடையாது. முதல்முறையாக முகமில்லாத மனிதனை வரைகிறான். அது சாதாரண விஷயம் இல்லை. அப்புறம் களிமண்ணில் ஆட்கள். வரைந்ததைக் கத்தரித்து முன்னும் பின்னும் மறைத்து அடுக்குவது. கடைசியில் வந்த கூட்டத்தில் முகம், முதுகு, பக்கவாட்டு எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இருந்தன.

இதில் நடிப்பு எது, ஓவியம் எது என்று பிரிக்க முடியவில்லை. உடம்பால் கூட்டமாக இருந்து பார்த்தபிறகுதான் கோடு திரும்பியது. சான் புரொஸ்பெரோ சதுக்கத்தில் இருக்கும் கற்சிங்கங்களின் மீது ஏறி, தடவி, கையால் அளந்து, பிடரியைக் களிமண்ணில் செய்து, நிழலாட்டத்தில் சிங்கமாகி, அப்புறம் சிங்கத்தை வரைந்த இன்னொரு வேலை உண்டு. 1987இல் அதை ஒரு ஒளிப்படமாகவே வெளியிட்டார்கள். அங்கேயும் இதே கதைதான்.

மென்பொருள் எழுதிச் சாப்பிடுகிற எனக்கு இதில் கண்ணில் பட்டது வேறொன்று. பழைய வரைபடத்தை அவர்கள் தூக்கிப் போடவில்லை. முதல் தடவை போட்டது, இரண்டாவது தடவை போட்டது, அந்த நேரத்தில் என்ன பேசினார்கள் என்ற பதிவு, ஆசிரியையின் குறிப்பு, போட்டோ எல்லாம் தேதியோடு இருக்கின்றன. நாங்கள் நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைத்து, ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதிவைப்போம். முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வரியை ஒழுங்காக எழுதுவதில்லை என்பது வேறு விஷயம். ரெஜ்ஜியோக்காரர்கள் ஒலிநாடாவும் பிலிம் கேமராவும் வைத்துக்கொண்டு நாலு வயசுக்காரர்களின் யோசனைக்கு இதைச் செய்தார்கள். வாரந்தோறும் ஆசிரியைகள் உட்கார்ந்து அதைப் படித்துச் சண்டை போட்டார்கள். அடுத்த வாரம் என்ன செய்வது என்பது அந்தச் சண்டையில் இருந்து வந்தது.

என் மகள் எல்.கே.ஜி.யில் இருந்தபோது வீட்டுக்கு வந்த தாள்கள் ஞாபகம் வருகின்றன. அச்சடித்த ஆப்பிள், அச்சடித்த மயில். கோட்டுக்கு வெளியே போகாமல் நிறம் தீட்டினால் ஒரு நட்சத்திரம். ஒரு நாள் ஆப்பிளுக்குள் ஒரு புழுவும் புழுவுக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தாள். அதற்கு நட்சத்திரம் இல்லை. அந்த ஆசிரியையைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு அறையில் நாற்பது பிள்ளைகள், உதவிக்கு ஒரு ஆயாம்மா. அந்த நாற்காலியைப் பற்றிக் கேட்க அவருக்கு எங்கே நேரம்?

திரும்ப ரெஜ்ஜியோவுக்கு. 1972 மார்ச்சில் நகராட்சி எழுத்தாளர் ஜியான்னி ரொதாரியை அழைத்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால்தான் குழந்தை இலக்கியத்துக்கான ஆண்டர்சன் விருது வாங்கியவர். ஒரு வாரம், மார்ச் 6 முதல் 10 வரை, கதை எப்படிப் பிறக்கிறது என்று ஆசிரியர்களோடு பேசினார். சம்பந்தமில்லாத இரண்டு சொல்லை மோதவிடு, நாய் ஒன்று, அலமாரி ஒன்று, நடுவில் கதை பிறக்கும் என்பது அவருடைய புகழ்பெற்ற உத்தி. அந்தப் பேச்சுகள்தான் அடுத்த வருஷம் 'கற்பனையின் இலக்கணம்' என்ற புத்தகமாயின. ரெஜ்ஜியோ நகரத்துக்கே அதைச் சமர்ப்பணம் செய்தார்.

அதே எழுபதுகளில் மரியானோ தொல்சி என்பவர் நகராட்சியின் பொம்மலாட்டக்காரர் ஆனார். நகராட்சிப் பொம்மலாட்டக்காரர் என்பது உண்மையான பதவி, குழாய் ரிப்பேர்காரர் மாதிரி. பள்ளி பள்ளியாகப் போவார். பொம்மைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு குழந்தைகள் பேசுவதும், விளக்குக்கு முன்னால் கையை ஆட்டி நிழல் செய்வதும் பாடத்தின் பகுதிகள். அந்த வட்டாரத்தில் பொம்மலாட்டத்துக்கு வேறொரு பாரம்பரியமும் இருந்தது. சார்சி என்ற நாடோடி நாடகக் குடும்பம். ஊர் ஊராக நாடகம் போட்டுக்கொண்டே ஃபாசிஸ்ட் எதிர்ப்புச் செய்திகளையும் கடத்தியவர்கள். லூசியா சார்சி மூலம்தான் செர்வி என்ற விவசாயக் குடும்பத்துக்குத் தலைமறைவு இயக்கத்தோடு தொடர்பு பலப்பட்டது. அந்தக் குடும்பத்தின் ஏழு அண்ணன் தம்பிகளையும் 1943 டிசம்பர் 28 அன்று ரெஜ்ஜியோவில் ஒரே நேரத்தில் சுட்டுக் கொன்றார்கள். லூசியாவின் சகோதரர் ஒத்தெல்லோ சார்சி பின்னாளில் ரெஜ்ஜியோவிலேயே தங்கிப் பொம்மலாட்டக் குழு நடத்தினார். அந்த ஊரில் பொம்மை வெறும் பொம்மை இல்லை.

1976 நவம்பரில் பழைய பயம் திரும்பி வந்தது. அரசு வானொலியில் திருச்சபைத் தரப்பில் இருந்து தாக்குதல். நகராட்சிப் பள்ளிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன, மத நிறுவனப் பள்ளிகளை நசுக்குகின்றன என்று ஏழு நாள் விடாமல் பேசினார்கள். நூற்று இருபத்தைந்து வருஷத்துக்கு முன் பிரஷ்ய மந்திரி சொன்னதன் இத்தாலியப் பதிப்பு. மலகுட்ஸி மறுப்பு அறிக்கை விடவில்லை, வழக்குப் போடவில்லை. வழக்கமான வேலைகளை நிறுத்திவிட்டுப் பள்ளிக் கதவுகளைத் திறந்து, பாதிரியார்களே உள்ளே வாருங்கள், பேசலாம் என்று அழைத்தார். ஏறக்குறைய ஐந்து மாதம் விவாதம் நடந்தது. கோபம் தணிந்து, இரண்டு பக்கமும் கொஞ்சம் கற்றுக்கொண்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். கம்யூனிஸ்ட் நகராட்சி என்றாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள்தான் அங்கே படித்தார்கள் என்பதை அவர் மறக்கவில்லை.

உலகத்துக்கு இந்த ஊர் தெரிந்தது ஒரு கண்காட்சியால். குழந்தைகளின் வேலைகளையும் அவற்றின் பதிவுகளையும் பலகைகளில் ஒட்டி, 1981இல் ஸ்டாக்ஹோம் நவீன கலை அருங்காட்சியகத்துக்கு எடுத்துப் போனார்கள். பிறகு அது 'குழந்தைகளின் நூறு மொழிகள்' என்ற பெயரோடு அமெரிக்காவைச் சுற்றியது. 1991 டிசம்பரில் நியூஸ்வீக் உலகின் சிறந்த பத்துப் பள்ளிகளில் ஒன்றாக டயானாவைச் சொன்னது. அவ்வளவுதான், விமானம் விமானமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

2000ஐ ஒட்டிய வருஷங்களில் நகராட்சி டயானா குழந்தைகளிடம் ஒரு வேலை கொடுத்தது. பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் அரியோஸ்தோ தியேட்டருக்கு முன்திரை வேண்டும். ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் காலி மேடையில் ஓடிப் பார்த்தார்கள், இருக்கையில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஒன்று இன்னொன்றாக மாறுவதுதான் கரு என்று முடிவு செய்தார்கள். செடியாக ஆரம்பித்தது பூச்சியாகும், பூச்சி வேறொன்றாகும். வரைந்ததைக் கணினியில் ஏற்றி, இடம் மாற்றி, பெரிதாக்கிச் சின்னதாக்கிப் பார்த்தார்கள். ஒத்து வராததை விவாதித்து நீக்கினார்கள். முடிவில் அது நிஜமான திரையாகத் தொங்கியது. வில்லா செல்லாவில் தியேட்டர் கேட்டுத் தோற்ற ஆண்கள் யாராவது உயிரோடு இருந்து அதைப் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்கள் என்று யோசித்ததுண்டு.

இவ்வளவு சொன்னபிறகு எனக்குள்ள உறுத்தலையும் சொல்லிவிடுகிறேன். ரெஜ்ஜியோ பலகைகளில் இருக்கும் வேலைகள் சில சமயம் மிக அழகாக இருக்கின்றன. வெள்ளைச் சுவர், கண்ணாடி, வெளிச்ச மேசை, கச்சிதமான கம்பிச் சிற்பம். எது குழந்தையின் ரசனை, எது பயிற்சி பெற்ற அதெலியரிஸ்தாவின் ரசனை என்று சந்தேகம் வருகிறது. குழந்தை பேசியதில் எந்த வரியைப் பலகையில் ஏற்றுவது என்பதைப் பெரியவர்தானே முடிவு செய்கிறார். வெக்கியே இந்தக் கேள்வியைத் தவிர்க்கவில்லை. பொருளைத் தேர்ந்தெடுத்து வைப்பதிலேயே பெரியவரின் கை இருக்கிறது, இல்லை என்று நடிப்பதைவிட அதைப் பற்றிப் பேசுவது மேல் என்பது அவருடைய நிலை. நான் பாதிதான் சமாதானம் ஆனேன்.

இன்னொன்று பணம். எமிலியா வளமான பகுதி. கூட்டுறவு சங்கங்கள் வலுவானவை, பெண்கள் பெருமளவில் வேலைக்குப் போகிறவர்கள், கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள். இத்தாலியின் அரசுப் பள்ளிகளே அதெலியரிஸ்தா பதவியை ஏற்றுக்கொள்ளவில்லை. இன்று நம் நகரங்களில் 'ரெஜ்ஜியோ முறை' என்று பலகை மாட்டிய மழலையர் பள்ளிகள் வந்துவிட்டன. கட்டணத்தைக் கேட்டால் பொறியியல் கல்லூரி தேவலை என்றிருக்கும். வெளிச்ச மேசையை இறக்குமதி செய்கிறார்கள். 1996இல் ரெஜ்ஜியோவில் 'ரெமிதா' என்று ஒரு கிடங்கு திறந்தார்கள். தொழிற்சாலைகளில் கழிக்கப்பட்ட துணி, பிளாஸ்டிக், காகிதம், உலோகத் துண்டுகள் எல்லாம் அங்கே வந்து பள்ளிகளுக்குப் போகும். அகாட்சி சகோதரிகளின் சட்டைப்பை அருங்காட்சியகத்தின் பெரிய வடிவம். திருப்பூரில் வெட்டிக் கழித்த பனியன் துணியும் சிவகாசி அச்சகங்களின் ஓரக் காகிதமும் எங்கே போகின்றன?

மாண்டிசோரிக்கு இருப்பது போல் 'ரெஜ்ஜியோ ஆசிரியர்' என்று பட்டயம் கிடையாது. கிளையும் கிடையாது. எங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள், உங்கள் ஊரைப் பார்த்துச் செய்யுங்கள் என்றுதான் பார்க்க வருகிறவர்களிடம் அவர்கள் சொல்கிறார்கள். வருகிறவர்கள் என்னவோ போட்டோ எடுத்துக்கொண்டு போய் அதே நாற்காலியைத்தான் வாங்குகிறார்கள். அந்த வெளிச்ச மேசையின் படத்தை இணையத்தில் ஆயிரம் இடத்தில் பார்த்திருக்கிறேன். நகராட்சிச் சம்பளம் வாங்கிக்கொண்டு பொம்மைகளோடு பள்ளி பள்ளியாகப் போன தொல்சியின் படத்தை எந்த விளம்பரத்திலும் பார்த்ததில்லை.